கோவளக் கரையும் போர்க்காலக் காவலும்



சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால், முட்டுக்காட்டுக் கழியைக் கடந்ததும் கோவளம் என்னும் சிற்றூர் வரும். அங்கே ஒரு தர்கா உண்டு. பழைய மாதா கோவில் ஒன்று உண்டு. மணலை ஒட்டி மீனவர் குப்பமும் உண்டு. இன்னும் சிறிது தொலைவு தெற்கே சென்றால் மாமல்லபுரமும், அதற்கப்பால் கல்பாக்கமும் வரும். இக்கரை மக்களுக்குச் சோறு அளித்து வருவது கடல். அக்கடலே சில சமயங்களில் பகையையும் அழிவையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

போர் என்றதும் படைகளும் தளபதிகளும் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் போர் நடக்கும் காலத்தில் வாளேந்தாத மக்கள் என்ன செய்தார்கள்? கடையில் அமர்ந்திருந்த வணிகர், பள்ளிக்குச் சென்ற சிறுவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், வலை இழுத்தவர் ஆகியோரை யார் காத்தார்கள்? அவர்கள் தம்மை எவ்வாறு காத்துக்கொண்டார்கள்? இதனை ஆராய்வதே குடிமக்கள் பாதுகாப்பின் வரலாறு. அவ்வரலாற்றில் நம் கரைக்கு உரிய சில நிகழ்ச்சிகளை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் கோவளத்திலிருந்தே தொடங்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்டு கம்பெனியார் என்னும் ஐரோப்பிய வணிகர் இங்கே பண்டகசாலை வைத்து வாணிகம் செய்தனர். பின்னர் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் இவ்விடத்தில் ஒரு கோட்டை எழுப்பி அதற்குச் சாதத் பந்தர் எனப் பெயரிட்டார். 1750-இல் அக்கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. சென்ற விதம் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கரைக்கு அருகே நங்கூரம் பாய்ச்சியது. கப்பலில் உள்ளவர்கள் கொடிய நோயால் மடிந்துகொண்டிருப்பதாகவும், அவர்களைக் கரையில் இறக்கிப் பேண இடம் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கோட்டைக் காவலர் இரங்கியோ, பொருளை எதிர்பார்த்தோ இசைந்தார்கள். நோயாளிகள் போல் உள்ளே சுமந்துவரப்பட்டவர்கள் ஆடைக்குள் ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தார்கள். இரவில் எழுந்து காவலர்மேல் பாய்ந்து கோட்டையைக் கைப்பற்றினார்கள். அக்காலத்து வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இவ்வாறு கூறுகிறார். கோட்டையின் மதில் வலியதாகவே இருந்தது. ஒரு பொய்ச் செய்தியை ஆராயாமல் ஏற்றதால் அது வீழ்ந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1752-இல், ராபர்ட் கிளைவ் இக்கோட்டையை முற்றுகையிட்டார். அவருடன் வந்தவர்கள் 200 ஐரோப்பியரும் 500 சிப்பாய்களும். ஐரோப்பியர் கப்பலிலிருந்து அண்மையில் இறங்கியவர்கள், பயிற்சியற்றவர்கள். கோட்டைப் பீரங்கி முழங்கி ஒருவன் மாண்டதும் மற்றவர் சிதறி ஓடினார்கள். ஒருவன் பல மணி நேரத்துக்குப் பின் ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கக் கண்டெடுக்கப்பட்டான் என்றும் ஒரு செய்தி உண்டு. அதே மனிதர்கள் சில நாள்களில் நிலையாக நின்று போரிடக் கற்றுக்கொண்டார்கள். கோவளமும், அதனைத் தொடர்ந்து செங்கற்பட்டுக் கோட்டையும் கிளைவிடம் பணிந்தன. கோவளக் கோட்டை தகர்க்கப்பட்டது. அதன் சிதைவுகள் கிடந்த இடத்தில் இன்று கடற்கரை விடுதி ஒன்று நிற்கிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகின்றன. செய்தியின் மெய்ம்மையை அறியாதவன் மதிலுக்குள் இருந்தும் காக்கப்படமாட்டான் என்பது ஒன்று. அச்சம் பழக்கத்தால் அடங்கக்கூடியது என்பது மற்றொன்று. பின்வந்த இரு பெரும் போர்களிலும் இவ்வுண்மைகள் நம் கரையில் மீண்டும் சோதிக்கப்பட்டன.

முதல் உலகப் போர் 1914 ஆகஸ்டில் மூண்டது. போர் ஐரோப்பாவில் நடப்பது, நமக்கும் அதற்கும் வெகுதூரம் என்று சென்னை மக்கள் எண்ணியிருந்தனர். செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பின் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். நகரும் துறைமுகமும் அன்று வழக்கம்போல விளக்கொளியில் திளைத்திருந்தன. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் இருந்த கலங்கரை விளக்கமும் கடலை நோக்கி ஒளி வீசிக்கொண்டிருந்தது. கப்பல் தன் தேடுவிளக்கை வீசி, கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டது. அரைமணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் சுமார் 130 குண்டுகள் வந்து விழுந்தன. எண்ணெய் பற்றி எரிந்தது. ஐவருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். பின்னர் எம்டன் இருளில் மறைந்துவிட்டது.

ஒரு பெருநகருக்கு இச்சேதம் பெரிதன்று. ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் புகைவண்டி நிலையங்களை மொய்த்தார்கள். எம்டன் மீண்டும் வரும் என்றார் ஒருவர். வந்துவிட்டது என்றார் மற்றொருவர். கப்பலோ தெற்கே இலங்கைக் கடலை நோக்கிச் சென்றுவிட்டது. நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதனை அழித்தது. ஆயினும் சென்னையில் எம்டன் அழியவில்லை. சூழ்ச்சியும் துணிச்சலும் மிக்க ஒருவனை, 'அவன் பெரிய எம்டன்' என்று நம் பாட்டன்மார் கூறிவந்தார்கள். அந்தச் சொல் இன்றும் வழக்கில் உள்ளது. எறிகுண்டு பட்ட இடத்தைக் காட்டும் கல்வெட்டு ஒன்று உயர்நீதிமன்ற வளாகத்தின் மதிலில் இருக்கிறது.

இத்தகைய அனுபவம் சென்னைக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே ஆண்டு டிசம்பர் 16-இல் ஜெர்மானியக் கப்பல்கள் இங்கிலாந்தின் கீழ்க்கரையில் உள்ள ஸ்கார்பரோ, விட்பி, ஹார்ட்டில்பூல் என்னும் ஊர்களைச் சுட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலுக்கு அரசியாக விளங்கிய நாட்டின் கரையூர்களிலும் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கடற்படை எவ்வளவு வலியதாயினும் கரையில் வாழ்பவன் தன் வீட்டில் இருந்தபடியே தாக்கப்படலாம் என்பதை உலகம் அன்று உணர்ந்தது. பின்னர் விமானம் வளர்ந்தது. கரை என்றும் உள்நாடு என்றும் இருந்த வேறுபாடே மங்கிற்று. ஆகவே 1930-களில் இங்கிலாந்தில் விமானத் தாக்குதலுக்கு எதிரான முன்னெச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. ஏ.ஆர்.பி. என்ற மூன்றெழுத்தால் அதனை அழைத்தனர். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அம்முறை இந்தியாவுக்கும் வந்தது.

சென்னையில் ஏ.ஆர்.பி. தொண்டர்கள் என்ன செய்தார்கள்? இரவில் வீட்டு விளக்கொளி வெளியே தெரியாதபடி மறைக்கச் சொன்னார்கள். இதற்கு இருட்டடிப்பு என்று பெயர். மோட்டார் வண்டியின் முன்விளக்குகளுக்கு மூடி இடச் செய்தார்கள். குண்டின் அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாதிருக்க, சன்னல்களில் காகிதப் பட்டைகள் ஒட்டச் செய்தார்கள். திடல்களில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. தீயை அணைக்க மணல் வாளிகள் வைக்கப்பட்டன. முதலுதவி கற்பிக்கப்பட்டது. அபாயச் சங்கின் ஒலி ஏறி இறங்கி ஒலித்தால் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒரே சீராக ஒலித்தால் அபாயம் நீங்கிற்று என்று பொருள். எம்டன் வந்த இரவில் ஒளிவெள்ளத்தில் இருந்த நகரம் இப்போது இருளைக் கேடயமாகக் கொள்ளக் கற்றது.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. அம்மாதம் 23-ஆம் நாள் இரங்கூனில் குண்டு வீசப்பட்டது. பதுங்கிக்கொள்ள அறியாத மக்கள் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் இந்தியரும் பலர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும், மார்ச்சு 8-இல் இரங்கூனும் வீழ்ந்தன. மார்ச்சு 23-இல் அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் கப்பலிலும் கால்நடையாகவும் தாயகம் திரும்பினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் தாம் கண்டவற்றைச் சொன்னார்கள். அரசாங்க அறிக்கையைவிட அகதியின் கண்ணீர் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. மலேயாவிலும் பர்மாவிலும் ஆட்சியாளர் முதலில் தம்மைக் காத்துக்கொண்டு மக்களைக் கைவிட்டார்கள் என்ற எண்ணமும் பரவிற்று.

ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக்கடலுக்கும் இந்துமாக் கடலுக்கும் வந்தது. 4-ஆம் நாள் கனடா நாட்டு விமானி லெனார்டு பர்ச்சால் இலங்கைக்குத் தெற்கே அப்படையைக் கண்டார். தம் விமானம் வீழ்த்தப்படுவதற்குள் கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தியை அனுப்பிவிட்டார். கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தன. 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. 6-ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. வங்கக்கடலில் இருபது வணிகக் கப்பல்களுக்கு மேல் மூழ்கின. வடக்கே விசாகப்பட்டினம், தெற்கே திருகோணமலை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கரை நம்முடையது.

அந்நாள்களில்தான் ஜப்பானியப் படையொன்று சென்னையை நோக்கி வருகிறது என்று ஒரு செய்தி அரசாங்கத்துக்கு எட்டியது. அப்போது கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். நகரில் இருந்தே ஆகவேண்டிய கடமை இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது என்று அரசாங்கம் அறிவித்தது. அரசாங்கமும் வெளியேறத் தொடங்கிற்று. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. அலுவலகங்கள் பல உதகமண்டலம் முதலிய உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் கொடிய விலங்குகள் தெருவில் திரியும் என்று அஞ்சி, நகராண்மைக் கழகத்தின் விலங்குக் காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலி போன்றவை சுட்டுக் கொல்லப்பட்டன.

மக்கள் என்ன செய்வார்கள்? நீதிமன்றமே போகிறது, நாம் ஏன் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகளில் எல்லாம் கூட்டம் பிதுங்கியது. உள்நாட்டில் உறவுள்ளவர்கள் உறவூருக்குப் போனார்கள். தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் போக்கிடம் இல்லாதவர்களின் நிலை என்ன? அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு வெளியூரில் வீடு ஏது? துறைமுகச் சுமையாளரும், தெருக்கூட்டுவோரும், நோயாளிகளைப் பேணுவோரும் போய்விட்டால் நகரமே நின்றுவிடும். அவர்கள் இருந்தே தீரவேண்டும். கோவளம் போன்ற குப்பங்களில் வாழ்ந்த மீனவருக்குக் கடலைவிட்டால் பிழைப்பில்லை. 'கடமை இல்லாதவர் போகலாம்' என்ற ஆணை, வசதி உள்ளவரை மட்டுமே காப்பாற்றக்கூடிய ஆணையாக முடிந்தது. குடிமக்கள் பாதுகாப்பைப் பற்றி எண்ணும்போது மாணவர்களாகிய நீங்கள் மறக்கக்கூடாத இடம் இது.

கரையை நோக்கி வருவதாகச் சொல்லப்பட்ட படை வரவில்லை. செய்தி தவறானது. ஜப்பானியக் கப்பற்படை கிழக்கே திரும்பிச் சென்றது. அந்த ஏப்ரலில் சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. எம்டன் 130 குண்டுகளால் செய்ததைவிடப் பெரிய வெளியேற்றத்தை ஓர் அறிக்கை செய்துவிட்டது.

இதன் எதிரொலி அரசியலிலும் கேட்டது. மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆட்சி இருந்தாலன்றி நாட்டைக் காக்க இயலாது என்று இராஜாஜி கருதினார். ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் தலைமையில் கூடிய சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் உறுப்பினர்கள், மாகாணத்தில் பொறுப்பாட்சியை மீண்டும் அமைக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். முஸ்லிம் லீகின் கோரிக்கையைப் பற்றிய மற்றொரு தீர்மானத்தால் காங்கிரஸ் தலைமைக்கும் அவருக்கும் பிளவு ஏற்பட்டது தனிக்கதை. நாம் இங்கே கொள்ள வேண்டியது ஒன்றே. குடிமக்கள் பாதுகாப்பு என்பது மணல் வாளியோடும் சங்கொலியோடும் முடிந்துவிடுவதன்று. ஆள்வோர் சொல்லை மக்கள் நம்புகிறார்களா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

அரசாங்கமும் மக்களும் மெல்ல மெல்லத் திரும்பினர். 1943 அக்டோபரில், நகரம் பெருமழையிலும் வெள்ளத்திலும் தத்தளித்துக்கொண்டிருந்த வேளையில், ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கத்தில் சில குண்டுகளை வீசிவிட்டுச் சென்றது. சேதம் சிறிது. இப்போது மெய்யாகவே குண்டு விழுந்தது. ஆனால் 1942-ஐப் போல் நகரம் காலியாகவில்லை. போரின் போக்கு அதற்குள் மாறியிருந்தது என்பது ஒரு காரணம். இருட்டும் சங்கொலியும் மக்களுக்குப் பழகியிருந்தன என்பது மற்றொரு காரணம். கோவளக் கோட்டைக்கு எதிரே முதல் நாள் ஓடி, பின்னர் நிலைத்து நின்ற படைவீரரை இங்கே நினைவுகூரலாம்.

போர் முடிந்தது, இந்தியா விடுதலை பெற்றது. 1968-இல் குடிமக்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை பகைவரை எண்ணியே இம்முறைகள் வகுக்கப்பட்டன. ஆனால் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடலே நம் கரையைத் தாக்கிற்று. காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கோவளத்துக்கோ, மாமல்லபுரத்துக்கோ, நாகப்பட்டினத்துக்கோ 'விலகி நில்லுங்கள்' என்று சொல்ல ஏற்பாடு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டனர். கல்பாக்கத்தில் அணுமின் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால் அங்குள்ள குடியிருப்பில் உயிர்கள் பறிபோயின.

அதே காலையில் வேறொரு காட்சியும் நிகழ்ந்தது. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்றொரு மீனவர் ஊர். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் ஒரு தகவல் மையமும் அதற்கு ஓர் ஒலிபெருக்கியும் இருந்தன. நாள்தோறும் அலையின் உயரத்தையும் மீன் விலையையும் அறிவித்து வந்த அதே ஒலிபெருக்கி, அன்று ஓடச் சொன்னது. ஊர் மக்கள் அதை நம்பினார்கள், பிழைத்தார்கள். நேயர்களே, 1942-இல் ஓர் அரசாங்கத்தால் செய்ய இயலாத காரியத்தை ஓர் ஒலிபெருக்கி செய்தது. அதன் சொல் மெய்யாக இருந்தது. அது உரிய நேரத்தில் வந்தது. செல்வர், ஏழை என்று பாராமல் எல்லார் காதிலும் விழுந்தது. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரலானதால் மக்களும் ஐயுறவில்லை.

அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு மையம் ஏற்பட்டது. 2010-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், இயற்கைப் பேரிடர்களும் குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தன. 2025 மே 7-ஆம் நாள் நாடெங்கும் குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது, தமிழ்நாட்டில் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று, 1914-இல் எம்டன் சுட்ட சென்னைத் துறைமுகம். மற்றொன்று, 2004-இல் அலை புகுந்த கல்பாக்கம். அவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது நம் கோவளம்.

அடுத்த முறை நீங்கள் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ சென்றால், சிறிது நேரம் கடலை நோக்கி நில்லுங்கள். அங்கே வலை உலர்த்தும் மீனவரிடம், அபாயம் வந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்காமல் விடை கூறினால் அந்தக் கரை காக்கப்பட்ட கரை. அவர் யோசிக்கத் தொடங்கினால், அங்கே செய்ய வேண்டிய பணி இன்னும் இருக்கிறது என்று பொருள். அப்பணியில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் பள்ளியில் நடக்கும் ஒத்திகையை விளையாட்டாக எண்ணாதீர்கள். கேட்ட செய்தியை ஆராயாமல் பிறருக்குச் சொல்லாதீர்கள். மெய்யென்று அறிந்த அபாயத்தை, கேட்க வழியில்லாதவர் வீட்டுக்கு முதலில் கொண்டுபோய்ச் சேருங்கள்.